சூரியனை வேவு பார்த்த வருடம்

சூரியனைக்கூட நான் ஒரு வருடம் வேவு பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். மனிதர்களை எந்த லட்சணத்தில் நம்பியிருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பால் வாங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொம்புக்குள் விரல் விட்டுப் பார்ப்பேன். கண்டக்டர் "கச்சிராயபாளையம் போவும், ஏறும்மா" என்று சொன்ன பிறகும், ஏறி உட்கார்ந்து பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு முறை கேட்டால்தான் எனக்கு நிம்மதி. என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். யார் எதைக் கேட்டாலும் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுவார். கரும்பும் நெல்லும் போடுகிறவனுக்கு ரகசியம் எதற்கு என்பார். அவர் வயிற்றில் ஒரு சங்கதி ஒரு பொழுதுகூடத் தங்காது.

நான் அப்போது அரசுப் பள்ளியில் புவியியல் டீச்சர். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கே எப்போது பஸ் நிற்கும் என்று தெரியாது. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஐந்தாவதாக நிற்பவன் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே என்னைப் போல ஆகிவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் திருப்திகூட.

வீடு கட்ட நினைத்தது மகளுக்காக. அவளுக்கு ஐந்து வயது. கார்த்திகை பிறந்து கல்வராயன் மலையிலிருந்து பனி இறங்க ஆரம்பித்தால் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். நாங்கள் இருந்தது மாமனார் கட்டிய பழைய வீட்டில். அதில் எங்களுக்கு விட்டிருந்த அறையில் கதவைத் திறந்தால்தான் வெளிச்சம். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். இழுப்பு வந்தால் அவளால் படுக்க முடியாது. அப்பாவின் மார்பில் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் கண் மூடுவாள். அவரும் சுவரோடு சுவராக அசையாமல் உட்கார்ந்திருப்பார். என் மேல் சாயச் சொன்னால் சாய மாட்டாள். எனக்கு அதில் கோபம் உண்டு, பொறாமையும் உண்டு.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வெயில் வர ரூமா பாத்துப் படுக்க வைங்கம்மா, ஈரம் ஆவாது" என்றார்.

சொல்வது சுலபம். நம் ஊரில் வெயில் வரும் அறை சித்திரையில் அடுப்பாகிவிடும். எனக்கோ, மார்கழியில் கட்டில் மேல் வந்து விழுகிற வெயில் சித்திரையில் சன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும். இதைச் சொன்னபோது கொத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வெயிலு உங்க பேச்சக் கேக்குமா டீச்சர்?"

கேட்கும் என்றுதான் புத்தகம் சொல்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஆனியில் வடக்கே ஏறிவிடும். வருடா வருடம் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டுகிற சங்கதிதான். ஆனால் புத்தகத்தில் இருப்பது கச்சிராயபாளையத்திலும் அப்படியே நடக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

கோமுகி அணைக்குப் போகிற வழியில், சாலையை ஒட்டி எங்கள் நிலத்தில் ஒரு துண்டை வீட்டுக்கென்று ஒதுக்கியிருந்தோம். மேற்கே சாலை. சாலையோரம் எங்கள் மனைக்கு நேராக மூன்று பெரிய புளியமரங்கள். அந்தப் பக்கம் கரும்பு வயல்கள், அதற்குப் பின்னால் மலை. மனையின் ஒரு மூலையில் மூங்கில் கழி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் போய், நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கல்லைப் புதைத்து மாதத்தின் பெயரை எழுதினேன். பங்குனியில் ஆரம்பித்தேன். அப்போது நிழல் வடக்கே கொஞ்சம் நீண்டிருந்தது. சித்திரையில் ஒரு நாள் கழிக்கு நிழலே இல்லை. வைகாசி, ஆனியில் நிழல் தெற்குப் பக்கம் தாண்டிவிட்டது. எத்தனையோ வருடம் பாடம் நடத்தியவள்தான், ஆனாலும் கண்ணால் பார்த்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

மாலையிலும் விடவில்லை. மகளின் அறை தென்மேற்கில் வருவதாகத் திட்டம். அந்த இடத்தில் நின்றுகொண்டு, சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் இறங்குகிறது என்று பார்ப்பேன். பிறகு சாலைக்குப் போய் அந்த மரத்தில் விரலால் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைப்பேன். ஆனியில் வடக்கு மரம், மார்கழியில் தெற்கு மரம், பங்குனியிலும் புரட்டாசியிலும் நடு மரம். நம் ஊர் வீடுகளை வேக வைப்பது மேற்கு வெயில்தான். அதை அந்த மூன்று மரங்களும் எந்தெந்த மாதம் தடுக்கும், எங்கே சந்து விடும் என்று தெரிந்துகொள்ளத்தான் புள்ளி. வைகாசியில் இரண்டு மரங்களுக்கு நடுவே வெயில் புகுந்தது. அந்த நேருக்கு மாடிப்படியையும் குளியலறையையும் வைத்துக்கொண்டேன். மற்றதை மரங்கள் பார்த்துக்கொள்ளும். அதனால் மகளின் அறைக்குத் தெற்கே தாழ்வான பெரிய சன்னல், அதற்கு மேலே அகலமான சன்ஷேடு, மேற்கேயும் ஒரு சன்னல். மரத்துக்குக் கீழே குளிர்ந்து வரும் மலைக்காற்றுக்கு அது.

மொட்டை வெயிலில் தனியாக ஒரு பொம்பளை கழியின் காலடியில் குந்திக்கொண்டு கல் புதைத்தால் ஊர் சும்மா இருக்குமா? செய்வினை வைக்கிறாள் என்று ஒரு பேச்சு. எல்லைக் கல்லை நகர்த்துகிறாள் என்று இன்னொரு பேச்சு. புளியமரங்களின் காய்ப்பை ஏலம் எடுத்திருந்த பாய் ஒருவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து போவார். அவர் ஒரு சாயங்காலம் மொபெட்டை நிறுத்திவிட்டு, நான் புள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னா டீச்சர், மரத்துக்குக் குறி வெக்கிறீங்க? இந்த வருசம் ஏலம் நம்மளுதுங்க."

"உங்க புளி எனக்கு வேணாம் பாய். நான் சூரியனைக் குறிக்கிறேன்."

அவர் மலைப்பக்கம் ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "சரிங்க"வை நான் நம்பவில்லை.

வீட்டுக்காரரிடமும் நான் விவரமாகச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் மறுநாள் டீக்கடையில் பேச்சாகும், மாமனார் காதுக்குப் போகும், அவர் ஒரு ஜோசியரைக் கூட்டி வருவார். "பாப்பாவுக்கு வெயில் வேணும், அதுக்குத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. சுண்ணாம்பு தீர்ந்தால் மட்டும் வாங்கி வந்து வைப்பார்.

முழுதாக ஒரு வருடம் வேவு பார்த்து முடித்து, அடுத்த வைகாசியில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுத்தோம். சன்னல் மட்டத்துக்கு மேல் சுவர் எழும்பியிருந்தபோது புரட்டாசி வந்தது. போராட்டம் சாலைக்கு இறங்கியது. சின்னசேலம் பக்கம், சங்கராபுரம் பக்கம் எல்லாம் மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பஸ் இல்லை, பள்ளி இல்லை, கொத்தனார் வரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். ஆண்கள் எல்லோரும் எங்காவது போய்க்கொண்டிருந்த நாட்கள். அன்று மகளுக்கு லேசாக மூச்சு வாங்கியது. நான் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன், எங்கே என்று கேட்கவில்லை.

மதியம் மனையைப் பார்த்து வரலாம் என்று போனேன். மூன்று புளியமரங்களும் சாலையின் குறுக்கே கிடந்தன. பிஞ்சும் இலையுமாகக் கிளைகள் என் மனை வரைக்கும் வந்து விழுந்திருந்தன. சுற்றுவட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெட்டியிருந்தார்கள். என் வீட்டுக்கு நேராக மட்டும் வரிசையாக மூன்று. ஒவ்வொரு அடிமரத்திலும் என் சுண்ணாம்புப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன.

முதலில் வந்த நினைப்பு, வெளியூர் ஆட்கள் யாரோ இந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, தங்கள் ஆட்களே முன்னால் வந்து குறித்து வைத்தது என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டார்கள் என்பது. இரண்டாவது நினைப்பு இன்னும் மோசம். போலீஸும் இந்தப் புள்ளிகளைப் பார்க்கும்.

பார்த்தது. சாலையைச் சரி செய்த இரண்டாம் நாள் ஜீப் வந்து, எங்கள் மனைக்கு எதிரே நின்று, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்கூட்டியே குறி வைத்து வெட்டியிருக்கிறார்கள், குறி வைத்த மரங்கள் உங்கள் மனைக்கு முன்னால்தான் இருக்கின்றன, வாருங்கள் என்று வீட்டுக்காரரைக் கூட்டிப் போய்விட்டார்கள். மகள் ஜீப்புக்குப் பின்னால் வாசல் வரை ஓடினாள். புழுதி அடங்குவதற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. என் மேல் சாய்த்துக்கொண்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டி ஆட்டி நிமிர்ந்துகொண்டாள். "அப்பா எங்க" என்று கேட்கக்கூட அவளுக்கு மூச்சு இல்லை.

பாய் மேல்தான் எனக்குச் சந்தேகம். புள்ளியைப் பார்த்தவர் அவர், நட்டமும் அவருக்கு. மறுநாள் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, சாலையோரம் ஒதுக்கிப் போட்டிருந்த மரங்களின் அருகே நின்றுகொண்டிருந்த அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதான சொன்னீங்க?"

"புள்ளி இருந்துச்சான்னு கேட்டாங்க, இருந்துச்சின்னேன். யாரு வெச்சதுன்னு கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன்" என்றார் அவர். குனிந்து ஒரு பிஞ்சைப் பறித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். "எனக்குத் தெரியாதா டீச்சர்? கம்மியாப் பேசுனா ஜாஸ்தி நல்லதுன்னுதான் வுட்டுட்டேன்."

அப்போதும் நான் நம்பவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. இளைஞர். டீச்சர் என்றதும் நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதையே எனக்குச் சந்தேகமாக இருந்தது. "உங்க வூட்டுக்காரரு வாயவே தொறக்க மாட்றாரு டீச்சர். யாரு குறி வெச்சான்னா தரையப் பாத்துக்கினு குந்தியிருக்காரு" என்றார். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர், என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது.

"நான்தான் சார் புள்ளி வெச்சேன்" என்றேன். "எதுக்குன்னு வாயால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். உச்சிவேளைக்கு எங்க மனைக்கு வாங்க, காட்டறேன்."

வந்தார், ஒரு ஏட்டுடன். மூங்கில் கழியையும் அதன் இரு பக்கமும் கிடந்த கற்களையும் பார்த்தவுடன் ஏட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். இன்னும் சற்று நேரத்தில் நிழலின் நுனி இந்தக் கல்லைத் தொடும் என்று காட்டினேன். எஸ்.ஐ. குந்திக்கொண்டார். நிழல் நெருங்கி வரும் நேரத்தில் மலையிலிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. ஏட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வானத்தைத் திட்டினேன், மனசுக்குள்தான். மேகம் விலகியபோது நிழல் நுனி கல்லின் மேலேயே இருந்தது.

"இதுல பங்குனின்னு இல்ல போட்டிருக்கு? இது புரட்டாசி" என்றார் எஸ்.ஐ.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். சூரியன் போகும்போதும் திரும்பும்போதும் ஒரே எடத்தத் தாண்டித்தான் போவுது. பக்கத்துலயே புரட்டாசிக் கல்லும் இருக்கு, பாருங்க."

அவர் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். இருந்தது. பிறகு அவரை எழும்பிக்கொண்டிருந்த சுவர்களுக்குள் கூட்டிப் போனேன். தெற்குச் சன்னலைக் காட்டினேன், மேற்குச் சன்னலைக் காட்டினேன், அதற்கு நேராக வெறிச்சென்று கிடந்த மூன்று அடிமரங்களைக் காட்டினேன்.

"இந்த மரங்கள நம்பித்தான் சார் இந்தச் சன்னல வெச்சேன். இது இல்லன்னா எம்பொண்ணு ரூமு வெயில் காலத்துல அடுப்பு. அத வெட்டச் சொல்லி நானே குறி வெப்பேனா? பெத்த பொண்ணு ரூமுக்கு நெழலு குடுக்கற மரத்த எங்க வூட்டுக்காரரு போய் வெட்டுவாரா?"

எஸ்.ஐ. மேற்குச் சன்னலின் இடத்தில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரை இல்லாத அந்த இடத்தில் உச்சி தாண்டிய வெயில் அவர் முகத்தில் விழ ஆரம்பித்திருந்தது. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்த அப்பனும் வெட்ட மாட்டான்" என்றார். அன்று சாயங்காலமே வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து வயல் வரப்பு வழியாக நடந்து வந்தோம். எஸ்.ஐ.யை எப்படி மடக்கினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கழி, நிழல், கல் எல்லாம் சொன்னேன். மரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது அவர் நின்றுவிட்டார்.

"அந்த மரத்த நான்தான் வெட்ட வெச்சேன்" என்றார்.

வரப்பில் நானும் நின்றேன்.

"எங்கியாவது நாலு மரம் வெட்டணும்னு பேசிக்கினு இருந்தாங்க. நான்தான் கூட்டியாந்து காட்டுனேன். நீ வருசம் பூரா புள்ளி வெச்சிக்கினு இருந்தியே. பாப்பாவுக்கு வர வெயில அதுங்கதான் மறைக்குது, அதத்தான் குறிச்சிக்கினு வரேன்னு நெனச்சேன். சர்க்காரு மரம், நாம கேட்டா வெட்ட வுட மாட்டாங்க. இப்பவே தோதுன்னு வெட்டிட்டோம்." என் முகத்தைப் பார்த்தார். "அதுக்குத்தான குறிச்ச?"

கோபம் வந்தது. அழுகை வந்தது. சற்று முன்புதான் ஒரு போலீஸ்காரரிடம், அவர் வெட்டியிருக்கவே மாட்டார் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கொத்தனாரை, பாயை, எஸ்.ஐ.யை, சூரியனை எல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு இவரைச் சந்தேகப்படத் தோன்றவேயில்லை. தெற்கு மரம் ஒன்றாவது மார்கழிச் சாயங்காலத்தில் கொஞ்சம் வெயிலை மறைக்கத்தான் செய்தது. மற்ற இரண்டும் கோடைக்கென்று நான் நம்பியிருந்த நிழல்.

"ஆமாங்க. அதுக்குத்தான் குறிச்சேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. வீடு வரை வேகமாக நடந்தார். மகள் வாசலிலேயே அவர் மேல் ஏறிக்கொண்டாள். அவரும் வந்த வேட்டியோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவள் தூங்கிப்போனாள்.

கொத்தனார் வேலைக்குத் திரும்பியதும் மேற்குச் சன்னலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். மலைக்காற்று பாப்பாவுக்கு ஒத்துக்காது என்றேன். தலையாட்டினார்.

கார்த்திகைக் கடைசியில், பூச்சு வேலைகூட முழுசாக முடியாமல் குடிபோனோம். மார்கழியில் தெற்குச் சன்னல் வழியாக வெயில் தாழ வந்து கட்டில் மேல் விழுந்து, பாயில் ஏறி, பகல் முழுக்க அங்கேயே கிடந்தது. தலையணை காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். அந்தக் குளிர்காலம் அவளுக்கு இரண்டே முறைதான் இழுப்பு வந்தது, அதுவும் லேசாக. படுத்துத் தூங்கினாள். அதைப் பார்ப்பதற்கென்றே நான் அந்த அறைக்குள் போய்ப் போய் வருவேன்.

மாசி முடிந்து பங்குனி வந்தது. தெற்கு வெயில் நான் கணக்குப் போட்டபடியே சன்ஷேடுக்கு வெளியே நின்றுவிட்டது. மேற்கு வெயில் நிற்கவில்லை. மதியம் தாண்டினால் அடைத்த சன்னலும் சுவரும் சேர்ந்து சுட்டன. விளக்கு வைக்கும் நேரத்திலும் அறைக்குள் சூடு இறங்கவில்லை. மகள் ஜட்டியோடு தரையில் புரண்டுகொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் எடுத்துக்கொண்டார். திரும்பவும் ஒரு முறை வைத்துப் பார்த்தார்.

"மரம் இருந்திருக்கணும், இல்ல?" என்றார்.

இன்னொரு பொய்யைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. "ஆமாங்க" என்றேன்.

சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மனசு கேக்காம நீங்க மறுநாளே ஸ்டேஷனுக்குப் போயி, நான்தான் வெட்டுனேன்னு சொல்லியிருப்பீங்க. பாப்பா யாரு மேல சாஞ்சி தூங்கும்?"

அவர் தரையில் கிடந்த மகளைப் பார்த்தார். விசிறியை எடுத்து அவளுக்கு வீச ஆரம்பித்தார்.

"போயிருப்பேன்தான்" என்றார்.